தோட்டத்துப் பாலத்துக்கு எந்த மரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தில் ஒரு சின்ன ஓடைக்கோ, மீன் குளத்துக்கோ, மழைநீர் ஓடும் பள்ளத்துக்கோ குறுக்கே மரப்பாலம் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது மரத்தின் பெயரைத்தான். பெயர் முக்கியம்தான். ஆனால் அந்த மரத்தின் எந்தப் பகுதியை வாங்குகிறோம், பாலத்தில் எந்த இடத்தில் வைக்கிறோம், அங்கே தண்ணீர் தேங்குமா வடியுமா என்பதெல்லாம் பெயரைவிடப் பெரிய கேள்விகள். இங்கே சொல்வது ஆட்கள் நடக்கிற, 12 அடிக்கு உட்பட்ட பாலங்களுக்கு. அதற்கு மேல் நீளம் என்றாலோ வண்டி ஏறும் என்றாலோ ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு மரத்தைச் சொல்லுங்களேன்?

வைரம் பாய்ந்த தேக்கு. கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். அதிலேயே எண்ணெய்ப் பசை இருக்கிறது, கரையான் எளிதில் அண்டாது, வெயிலிலும் மழையிலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது.

ஆனாலும் பாலம் முழுவதையும் ஒரே மரத்தில் செய்தாக வேண்டும் என்பதில்லை. கீழே சுமை தாங்கும் விட்டத்துக்கு உறுதியும் அழுகாத தன்மையும் வேண்டும். மேலே போடும் நடைப்பலகைக்குத் தேய்மானம் தாங்கும் கடினமும், வளையாத குணமும் வேண்டும். கைப்பிடிக்குச் சிலாம்பு ஏறாத வழவழப்பு போதும், எடை குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானில் இவாகுனி ஊரில் 1673ல் கட்டிய கிண்டாய் பாலம் இதற்கு நல்ல உதாரணம். 1950ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகு அதே பழைய முறையில் திரும்பக் கட்டினார்கள். அதில் வளைவுகளுக்கு ஒரு மரம், நடைப்பலகைக்கும் கைப்பிடிக்கும் வேறு மரம் என்று பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். பட்ஜெட் குறைவாக இருந்தால் நல்ல மரத்தை விட்டத்துக்கு ஒதுக்குங்கள். நடைப்பலகையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக மாற்றலாம். விட்டத்தை மாற்றுவது பாலத்தையே பிரிப்பதற்குச் சமம்.

வெளியில் கிடக்கிற மரம் எப்படியும் நனையத்தானே செய்யும்? பிறகு எதற்கு இவ்வளவு யோசனை?

நனைவதால் மட்டும் மரம் அழுகாது. நனைந்த ஈரம் காயாமல் நிற்பதுதான் கெடுக்கிறது. அழுக வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. சுமார் 30 சதவீதத்தை ஒட்டி ஈரம் தொடர்ந்து நின்றால் அதற்குக் கொண்டாட்டம்தான். காலையில் மழையில் நனைந்து மாலைக்குள் உலர்ந்துவிடும் பலகை பல ஆண்டு தாங்கும். அதே மரத்தில், இரண்டு துண்டு ஒட்டி நிற்கிற பொருத்துக்குள் ஈரம் சிக்கிக்கொண்டால் அந்த இடம் மட்டும் சீக்கிரமே மெத்தென்று ஆகிவிடும்.

அறுத்த முனையைப் பாருங்கள், அதாவது வெட்டுமுகத்தை. மரம் என்பது உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி வைத்த மாதிரி. பக்கவாட்டில் மெதுவாகத்தான் தண்ணீர் ஏறும், வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாக ஏறும். அதனால்தான் தூணின் உச்சி, பலகையின் இரு முனைகள், விட்டம் கரையில் உட்காரும் இடம் ஆகியவை முதலில் போகின்றன. வேலை முடிந்ததும் வெட்டுமுகம் எல்லாவற்றிலும் மெழுகுக் கலவையோ பிரத்யேகப் பூச்சோ இரண்டு கை பூசிவிடுங்கள். தூணின் உச்சியைத் தட்டையாக விடாமல் சரிவாக அறுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகிற செலவு மிகக் குறைவு. கிடைக்கிற ஆயுள் அதிகம்.

'வைரம் பாய்ந்த மரம்' என்கிறார்களே, கடையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிமரத்தின் குறுக்குவெட்டில் நடுவில் நிறம் ஏறிய பகுதி தெரியும். அதுதான் வைரம். அதைச் சுற்றிப் பட்டைக்கு அடியில் வெளிறிய வளையமாக இருப்பது வெளிமரம். உயிரோடு இருந்தபோது தண்ணீரைக் கடத்தி, உணவைச் சேமித்து வைத்தது அந்த வெளிமரம்தான். அதில் மாவுச்சத்து இருக்கும். பூஞ்சைக்கும் உளுவுக்கும் அதுதான் விருந்து. வைரத்தில் மரம் தேக்கி வைத்த பிசின், எண்ணெய், துவர்ப்புச் சத்து போன்றவை இருப்பதால் பூச்சிகளுக்கு அது பிடிப்பதில்லை.

ஒன்றை உறுதியாக மனதில் வையுங்கள்: எந்த உயர்ந்த மரமாக இருந்தாலும் அதன் வெளிமரம் வெளிப்புற வேலைக்கு உதவாது. தேக்கின் வெளிமரமும் அப்படித்தான். இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிமரம் அதிகமாக இருக்கும். 'தேக்கு' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கினால் பாதிப் பலகை வெளுப்பாக வந்து சேரும்.

கடையில் பலகையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முனையைப் பாருங்கள். ஓரத்தில் பொன்னிறமோ பழுப்போ குறைந்து வெளிறிய பட்டை ஓடுகிறதா? முகத்தில் சாயம் பூசி நிறத்தை ஒன்றாக்கியிருந்தாலும், உங்கள் கண் முன்னால் முனையில் ஓர் அங்குலம் அறுத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளைத் தூக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காய்ந்திருந்தால் கனமானதில் அடர்த்தி அதிகம். நான் மரம் தேர்ந்தெடுக்கும்போது அதிக நேரம் செலவிடுவது இந்த முனைகளில்தான்.

கிடைக்கிற மரங்களை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?

ஐரோப்பியத் தரநிலை ஒன்று மரங்களின் இயற்கையான தாக்குப்பிடிக்கும் தன்மையை 1 முதல் 5 வரை வகைப்படுத்துகிறது. 1 என்றால் மிக நீடித்து உழைப்பது, 5 என்றால் சீக்கிரம் அழுகுவது. எல்லாமே வைரப் பகுதிக்கு மட்டும்.

முதிர்ந்த தேக்கு 1ல் வருகிறது. தென் அமெரிக்காவின் இபே மரமும் அங்கேதான். இபேயின் எடை தண்ணீரின் எடைக்கு அருகில், சில சமயம் அதைத் தாண்டியும் இருக்கும். ரம்பத்தை மழுக்கிவிடும், துளை போடாமல் ஸ்க்ரூ இறங்காது. ஆனால் நடைப்பலகையாகப் போட்டால் அசைக்க முடியாது. ஓக் 2 முதல் 4 வரை, மரத்துக்கு மரம் மாறும். வட அமெரிக்கச் செஞ்சிடார் 2. அது நீண்டு உழைக்கும், வாசனையும் அருமை. ஆனால் தேக்கின் எடையில் பாதியை விடச் சற்றே அதிகம்தான் இருக்கும், மிக மென்மையானது. குதிகால் செருப்பு பட்டாலே தடம் விழும். அதைக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். லார்ச் 3-4, பைன் வைரமும் ஏறக்குறைய அதே. பீச் 5. உள்வீட்டு மேசைக்கு அழகான மரம், பாலத்துக்கு வேண்டவே வேண்டாம்.

நமக்குப் பழக்கமானவற்றில் வேங்கை நல்ல உறுதி. ஈரம் பட்டால் சாயம் கசியும் என்பதால் கீழே வெள்ளைக் கல் தளம் இருந்தால் கறை படியும். சால் மரம் விட்டத்துக்கு ஏற்றது, நல்ல கனம், நல்ல பலம். ஆனால் காயும்போது வெடிப்பு விடும். முதிர்ந்த பனையின் வெளிவட்டத்துக் கறுத்த வைரம் சட்டமாக நன்றாக உழைக்கும், உள் சோற்றுப் பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும். இளம் தைலமரம் முறுக்கும், பிளக்கும். ரப்பர் மரம், மாமரம் இரண்டையும் மழையில் வைக்காதீர்கள்.

மூங்கில்? பார்க்க அழகு. பதப்படுத்தாத மூங்கில் வெளியில் சில ஆண்டுகள்தான். போராக்ஸில் ஊறவைத்தாலும் மழை அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கைப்பிடிக்கு மட்டும், மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்ற நினைப்போடு போடுங்கள்.

மருந்து ஏற்றிய பைன் மலிவாகக் கிடைக்கிறதே. அது சரிப்படுமா?

சரிப்படும். பெரிய உருளைத் தொட்டிக்குள் மரத்தை வைத்து, காற்றை இழுத்துவிட்டு, அழுத்தத்தில் செம்புக் கலவையை உள்ளே ஏற்றுகிறார்கள். மேலே தூரிகையால் பூசுவதும் இதுவும் ஒன்றல்ல. வாங்கும்போது கேட்க வேண்டியது: இது தரைக்கு மேலே பயன்படுத்தும் தரமா, மண்ணையும் தண்ணீரையும் தொடும் இடத்துக்கான தரமா? கரையில் உட்காரும் அடிக்கட்டைக்கு இரண்டாவது வகைதான் வேண்டும்.

மருந்து நடுப்பகுதி வரை போயிருக்காது. நீங்கள் அறுத்தால் மருந்தில்லாத உட்பகுதி வெளியே வந்துவிடும். அறுத்த ஒவ்வொரு முனையிலும், துளை போட்ட ஒவ்வொரு இடத்திலும் செம்பு நாப்தனேட் போன்ற மருந்தைத் திரும்பப் பூசியே ஆக வேண்டும். பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். அமெரிக்காவில் ஆர்சனிக் கலந்த மருந்தை வீட்டு உபயோக மரங்களுக்கு ஏற்றுவதை 2003 இறுதியோடு கைவிட்டார்கள். எந்த மருந்தேற்றிய மரத்தின் துண்டையும் அடுப்பில் எரிக்காதீர்கள், அறுக்கும்போது முகமூடி போடுங்கள்.

சூட்டில் வறுத்துப் பதப்படுத்திய மரமும் இப்போது வருகிறது. ஏறக்குறைய 180 முதல் 230 டிகிரி வரை சூடாக்குவார்கள். அழுகல் நன்றாகக் குறையும், ஆனால் மரம் நொறுங்கும் தன்மை அடையும். நடைப்பலகைக்குச் சரி, விட்டத்துக்குக் கூடாது.

கீழே மீன் குளம் இருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். செம்பு மீனுக்கும் நத்தைக்கும் விஷம். மருந்தேற்றிய மரத்திலிருந்து மழையில் முதல் சில மாதங்கள் சிறிதளவு கசியும். ஓடுகிற ஓடை என்றால் அடித்துக்கொண்டு போகும். சிறிய, தேங்கிய குளத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். மீன் குளத்துக்கு மேல் இயற்கையாகவே தாங்குகிற மரத்தைத்தான் நான் சொல்வேன். ஓக் போன்ற துவர்ப்பு மரங்கள் தண்ணீரைப் பழுப்பாக்கும் என்பதால் பலகைகளை முன்கூட்டியே சில மழை நனையவிட்டு, கழுவிப் பிறகு பொருத்துங்கள். எண்ணெய் பூசுவதாக இருந்தால் பலகையைக் கழற்றி வேறிடத்தில் பூசி, முழுக்க உலர்ந்தபின் கொண்டுவந்து மாட்டுங்கள்.

விட்டம் எவ்வளவு பருமன் இருக்க வேண்டும்?

அகலத்தைவிட உயரம்தான் வேலை செய்கிறது. உயரத்தை இரு மடங்காக்கினால் பலம் நான்கு மடங்கு, வளையாத விறைப்பு எட்டு மடங்கு. அதே 2க்கு 6 அங்குலச் சட்டத்தைப் படுக்க வைத்துப் போடுவதற்குப் பதிலாக நிமிர்த்திப் போட்டால் விறைப்பு 9 மடங்கு கூடுகிறது. மரத்தை மாற்றாமலே கிடைக்கிற லாபம் இது.

ஓர் உதாரணம். 8 அடி நீளம், 3 அடி அகலப் பாலம். பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். வீட்டு மரத்தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆக சுமார் 440 கிலோ சுமை. கணுவில்லாத நல்ல மரத்தில் 2க்கு 6 சட்டம் மூன்று, நிமிர்த்திப் போட்டால் இதைத் தாராளமாகத் தாங்கும். இரண்டு சட்டமே சுமைக்குப் போதுமானதுதான். மூன்றாவது எதற்கு என்றால், 1 அங்குல நடைப்பலகைக்கு 16 அங்குலத்துக்கு ஒருமுறை தாங்கல் வேண்டும், இல்லாவிட்டால் காலடியில் துள்ளும்.

விட்டத்தின் கீழ்விளிம்பு, நடுப்பகுதி: இந்த இடத்தில் பெரிய கணு வந்துவிடக் கூடாது. பாரம் ஏறும்போது இழுபடுவது அந்த விளிம்புதான், முறிவு அங்கேதான் தொடங்கும். பொருத்துக்காக அங்கே வெட்டோ பள்ளமோ எடுக்கவும் கூடாது. சட்டம் லேசாக வில்போல வளைந்திருந்தால் வளைவின் முதுகு மேலே இருக்கும்படி வையுங்கள்.

வளைந்த பாலம்தான் வேண்டும். பெரிய பலகையில் வளைவை அறுத்துக்கொள்ளலாமா?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. அகலமான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால், நடுவில் நார் பலகையோடு ஓடும், இரண்டு முனைகளிலும் நார் குறுக்காக வெட்டுப்பட்டு விளிம்பில் முடிந்துவிடும். மரத்தின் பலம் முழுக்க நாரின் நீளவாக்கில்தான். நார் 10க்கு 1 என்ற சரிவில் ஓடினால் வளைபலம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 5க்கு 1 சரிவு என்றால் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. மொத்தப் பலகையின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்துவிடக் கூடாது.

மிக மெல்லிய வளைவு, அதாவது 8 அடிக்கு 3 அங்குலம் எழும்பினால் போதும் என்றால், அறுத்து எடுக்கலாம். அறுத்த பிறகு மிஞ்சுகிற உயரம் எந்த இடத்திலும் 6 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எடுப்பாக வளைய வேண்டும் என்றால் மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ரெசார்சினால் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதே சரியான வழி. நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு முகத்தை இழைத்தோ, அசிட்டோனால் துடைத்தோ ஒட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு: விட்டத்தை நேராகவே போட்டுவிட்டு, அதன் மேல் வளைவான கட்டைகளை வைத்து நடைப்பலகையை மட்டும் வளையவிடுவது. பாரம் நேர்விட்டத்தில், அழகு மேலே. எனக்குப் பிடித்தது இதுதான்.

பச்சை மரம் வாங்கலாமா?

காற்றில் உலர்ந்து சீசன் ஆன மரமே நல்லது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஓராண்டு என்று தச்சர்கள் கணக்கு வைப்பார்கள், மரத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். வளர்வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் இரு மடங்கு. பலகை குழிவதும் முறுக்குவதும் இதனால்தான். உலர்ந்த பலகைகளுக்கு நடுவே 5 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், நனைந்தால் உப்பும். ஈரப் பலகை என்றால் நெருக்கமாகவே போடலாம், காய்ந்ததும் தானாக இடைவெளி விழும்.

என்ன ஆணி, என்ன ஸ்க்ரூ?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஓக்கிலும் சிடாரிலும் உள்ள அமிலச் சத்து சாதாரண இரும்பை அரித்து, ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறையை உண்டாக்கும். செம்பு மருந்து ஏற்றிய மரமும் இரும்பை வேகமாக அரிக்கும், அதற்குக் குறைந்தபட்சம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ் ஸ்க்ரூ வேண்டும். மின்முலாம் பூசிய பளபளப்பான ஸ்க்ரூ போதாது. கைப்பிடித் தூணை விட்டத்தோடு பிணைக்க ஸ்க்ரூவை நம்பாமல், வாஷர் வைத்து ஊடுருவிப் போகும் போல்ட் போடுங்கள். ஒருவர் சாய்ந்து நிற்கும் பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது.

தூணை மண்ணில் ஊன்றலாமா? தண்ணீருக்குள் நின்றால் அழுகாது என்கிறார்களே?

முழுக்க மூழ்கிச் சேற்றுக்குள் இருக்கும் மரம் அழுகாமல் நிற்பது உண்மை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும், அங்கே காற்று இல்லை. வெனிஸ் நகரத்துக் கட்டடங்கள் பல நூறு ஆண்டுகளாக மரக்கட்டைகள் மேல்தான் நிற்கின்றன. சிக்கல் நீர்மட்டத்திலும் தரைமட்டத்திலும். அங்கே ஈரமும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. மண்ணில் ஊன்றிய தூண் தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான் முதலில் விழும்.

எனவே இரு கரையிலும் சிறிய கான்கிரீட் அடித்தளம் போட்டு, அதன் மேல் மரத்தின் அடியைப் பிடித்துக்கொள்ளும் உலோகத் தாங்கி வைத்து, மரத்தை மண்ணிலிருந்து 4 முதல் 6 அங்குலம் உயர்த்தி உட்கார வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். விட்டத்தின் மேல்முதுகில் பியூட்டைல் நாடா (ரப்பர் போன்ற ஒட்டு நாடா) ஒட்டினால் ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் இறங்காது.

வார்னிஷா, எண்ணெயா, ஒன்றும் வேண்டாமா?

வெளிப்புறத்தில் வார்னிஷ் வேண்டாம். படலம் ஓரிடத்தில் வெடித்தால் அதன் அடியில் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஊடுருவும் எண்ணெய் உரியாது, ஆண்டுக்கு ஒருமுறை துடைத்துப் பூசினால் போதும். வெறும் ஆளி எண்ணெய் ஈரமான இடங்களில் கரும்பூசணத்துக்கு உணவாகிவிடும், பூசணத் தடுப்பு சேர்த்ததாக வாங்குங்கள்.

நல்ல வைர மரமாக இருந்தால் ஒன்றுமே பூசாமல் விடலாம். வெயில் மேல்தோலைச் சாம்பல் நிறமாக்கும், அது அழுகல் இல்லை. பைன் வகை மென்மரங்களில்கூட வெயிலும் மழையும் அரிப்பது நூறாண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான்.

மழைக்காலத்தில் வழுக்குமே?

வழுக்குவது பாசியால். நிழல் விழும் இடத்தில் அதிகம். கடினமான தூரிகையால் நார்வாக்கில் தேய்த்துக் கழுவுவதுதான் வழி, உயர் அழுத்த நீர்ப் பீச்சு நாரைக் கிளப்பிவிடும். கோடு போட்ட பலகையில் அழுக்கும் தண்ணீரும் தங்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பலகைகளைப் பாலத்துக்குக் குறுக்காகப் போட்டு, மணல் கலந்த பிசின் பட்டைகள் பதித்தால் நல்ல பிடிப்பு கிடைக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் நடக்கும் பாலம் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வீட்டு உத்திரம், ரயில் ஸ்லீப்பர் கட்டை பயன்படுத்தலாமா?

பழைய உத்திரம் அருமையான பொருள். பல ஆண்டு காய்ந்து அடங்கியிருக்கும். பழைய ஆணிகளைக் காந்தத்தால் தேடிப் பிடுங்குங்கள், சுவருக்குள் இருந்த முனையைக் கட்டாயம் குத்திப் பாருங்கள். ஸ்லீப்பர் கட்டையில் பெரும்பாலும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏறியிருக்கும். புற்றுநோய் அபாயம் உள்ள பொருள் அது, வெயிலில் கசியும். கையும் காலும் படுகிற இடத்தில் வேண்டாம்.

பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகை?

நடைப்பலகையாக மட்டும், நெருக்கமான தாங்கல் கொடுத்து. வெயிலில் தொய்யும், விட்டமாக ஒருபோதும் கூடாது.

வாங்கும் மரம் முறையாக வெட்டியதா என்று எப்படி அறிவது?

சான்றிதழ் கேளுங்கள். இபே உள்ளிட்ட சில மரங்கள் 2024 நவம்பரிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். விற்பவரால் மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் வேறு மரம் பாருங்கள்.

கட்டிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், பாலத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். கூர்மையான திருப்புளியை எடுத்து விட்டத்தின் இரு முனைகளிலும், தூண் அடியிலும், பொருத்துகளிலும் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும், எடுக்கும்போது நீளமான சிலாம்பு கிளம்பும். கெட்ட இடத்தில் திருப்புளி எதிர்ப்பில்லாமல் இறங்கும், சிலாம்பு குட்டையாக மடமடவென்று உடையும். கரையான் மண்பாதை ஏதாவது அடித்தளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை இடுக்குகளில் அடைத்த இலைச்சருகைச் சீவி எடுங்கள். போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்குங்கள், மரம் சுருங்கச் சுருங்க அவை தளரும். விட்டத்தில் திருப்புளி அரை அங்குலம் இறங்கினால் அன்றைக்கே பாலத்தில் நடப்பதை நிறுத்திவிட்டு விட்டத்தை மாற்றுங்கள்.